கம்பியில்லாத கம்பிச்சடக்கு

எங்கள் கிராணிக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்றும், முப்பத்தாறு வயதில் அறை முழுவதும் பலகையை விரித்துப் பொம்மை ரயில் ஓட்டிக்கொண்டிருக்கிறாரென்றும் எங்கள் தோட்டத்தில் ஒரு பேச்சு உலவி வருகிறது. இப்பேச்சின் பிறப்பிடம் என் மாமியார் என்பது என் ஊகம். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பலகையின் நீளம் 8 அடி, அகலம் 2 அடி. கட்டில் மெய்யாகவே தாழ்வாரத்துக்குப் போய்விட்டது. புத்தியைப் பற்றிய தீர்ப்பை, இக்கட்டுரையைப் படித்து முடித்த பின்னர் வாசக அன்பர்களே சொல்லட்டும்.

நான் பிறந்தது மலாக்கா மாநிலத்தின் வடபகுதியிலுள்ள ஒரு ரப்பர்த் தோட்டத்தில். என் ஏழாவது வயதில், சிங்கப்பூரில் இருந்த தாய்மாமன் என்னைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்தார். விடுமுறைதோறும் தஞ்சோங் பகார் ஸ்டேஷனில் வண்டியேறித் தம்பினில் வந்து இறங்குவேன். 1932-ல் திறக்கப்பட்ட அந்தச் சிங்கப்பூர் ஸ்டேஷனின் முகப்பில் உழவு, வாணிகம், போக்குவரத்து, தொழில் என்னும் நான்கையும் குறிக்கும் நான்கு பெரிய சிலைகள் நிற்கும். அவற்றை அண்ணாந்து பார்த்தபடியே என் மாமனின் கையைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைந்த நாட்களிலேயே ரயில் மோகம் என்னைப் பிடித்திருக்க வேண்டும். 2011 ஜூன் 30 இரவு, ஜொகூர் சுல்தான் தாமே ஓட்டிச் சென்ற கடைசி வண்டி அந்த ஸ்டேஷனை விட்டுப் புறப்பட்டபோது, கூட்டத்தில் நானும் நின்றேன். என் மாமன் கைக்குட்டையை எடுத்தார். வியர்வை என்று சொன்னார்.

தம்பினில் இறங்கியதும் என் தந்தையார் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார். தோட்டத்தை அடையும் முன் ஒரு செம்மண் பாதை குறுக்கிடும். வளைவு நெளிவின்றி, மேடு பள்ளமின்றி, யாரோ நூல் பிடித்துப் போட்டதுபோல் அது நீண்டு கிடக்கும். அதற்குக் கம்பிச்சடக்கு என்று பெயர். நம் தோட்டத்து வழக்கில் ரயில்பாதையைத்தானே கம்பிச்சடக்கு என்போம்? அங்கே கம்பி எதுவும் இல்லை. மாடுகள் மேய்ந்தன, சிறுவர்கள் சைக்கிள் பழகினார்கள். கம்பியில்லாத சடக்குக்கு இப்பெயர் ஏன் வந்தது என்று என் பாட்டியைக் கேட்டேன். 

"கம்பி சயாமுக்குப் போயிடுச்சு, ராசா. எங்கப்பாவும் அதோட போனாரு" என்றார் பாட்டி.

பாட்டிமார் சொல்லும் கதைகளுள் இதுவும் ஒன்று என்று எண்ணினேன். பள்ளியில் சரித்திரப் பாடம் வந்தபோதுதான் கதையல்ல என்று தெரிந்தது. தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு ஒரு கிளைப்பாதை 1905-ல் திறக்கப்பட்டது. ஜப்பானியர் மலாயாவைப் பிடித்த பின்னர், சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் பாதையொன்று போடத் துணிந்தனர். அதற்குத் தண்டவாளம் வேண்டியிருந்தது. மலாக்காக் கிளையைக் கழற்றினார்கள். 1931-ல் முடிந்திருந்த கிழக்குக்கரைப் பாதையிலும் பெரும் பகுதியைக் கழற்றினார்கள். கூலியாட்களும் வேண்டியிருந்தது, அவர்களைத் தோட்டங்களிலிருந்து எடுத்தார்கள். 1943 அக்டோபரில் சயாம் பாதை முடிந்தது. அதில் மாண்ட ஆசியத் தொழிலாளர் தொகை 90,000 அளவில் இருக்குமென்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து சென்றவர்களில் மிகப்பெரும்பாலோர் தமிழர். போர் முடிந்து கிழக்குக்கரைப் பாதையை மீண்டும் போட்டார்கள். மலாக்காக் கிளையைப் போடவே இல்லை. பாட்டியின் தந்தையும் வரவில்லை. என் பள்ளிப் பாடத்திலோ வெள்ளைக்காரக் கைதிகளின் துயரமே மிகுதியாக இருந்ததாக நினைவு. பாட்டியின் ஒரு வாக்கியத்துக்கு அதில் இடமில்லை.

நிற்க. பொம்மை ரயிலுக்கு வருகிறேன்.

2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும், மாலை வேளைகள் எனக்கு வெறுமையாயின. அவ்வமயந்தான், கழற்றப்பட்ட அந்த மலாக்காப் பாதையின் ஒரு துண்டையாவது என் அறையில் போட்டுப் பார்ப்போமே என்ற எண்ணம் உதித்தது. மாதிரி ரயில் செய்பவர்களுக்கு முதலில் வேண்டியது அளவுக் கணக்கு. மலாயா ரயிலின் தண்டவாள இடைவெளி 1 மீட்டர். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சிறு பாதையின் இடைவெளியோ 9 மில்லிமீட்டர். ஆயிரத்தை ஒன்பதால் வகுத்தேன், 111 வந்தது. ஆதலின் என் உலகத்தில் எல்லாம் 111-ல் ஒரு பங்கு. ஐந்தரை அடி மனிதன் 15 மில்லிமீட்டர். 15 மீட்டர் நீள ரயில் பெட்டி ஒரு சாண் கூட இல்லை. என் 8 அடிப் பலகை முழுதும் சேர்ந்தால் கிடைக்கும் நிலம் 270 மீட்டர்தான். இந்த விகிதத்துக்கென்று கடையில் விற்கும் சாமான் ஏதும் கிடையாது. ஆகவே பாதையையும் இயந்திரத்தின் அடிப்பாகத்தையும் தவிர மற்றவை யாவும் கையால் செய்தவை. இது வருத்தமாக இருந்ததோ என்றால், இல்லை. செக்ரோலையும் கணினியையும் தவிர வேறெதையும் தொட்டறியாத என் கைகளுக்கு அது பெரிய விடுதலை.

ஒரு சிறு நிறுத்தம், அதன் பின்னால் தோட்டத்து ஸ்டோர், ஒரு லயம், மற்றதெல்லாம் ரப்பர் மரம் என்று திட்டமிட்டேன். நிறுத்தம் என் கற்பனை. மண் மட்டும் உண்மை. பாட்டி காட்டிய கம்பிச்சடக்கிலிருந்தே ஒரு வாளி செம்மண் எடுத்து வந்தேன். அதை வறுத்து, மெல்லிய துணியில் சலித்து, காந்தத்தை மேலே ஓட்டினேன். மண்ணில் இரும்புத் துகள் இருந்தால் அது மோட்டாருக்குள் புகுந்து கெடுத்துவிடும் என்பது இத்தொழிலில் பழகியவர்கள் கூறும் எச்சரிக்கை. காந்தத்தில் கறுத்த துகள்கள் மயிர்போல் நின்றன. பழைய தண்டவாளத்தின் துருவோ என்று ஒரு கணம் உடம்பு சிலிர்த்தது உண்மை. செம்மண்ணில் இரும்பு இயல்பாகவே உண்டு என்பதும் எனக்குத் தெரியும். எது என்று பிரித்தறிய என்னிடம் வழியில்லை. துகள்களை ஒரு சிறு புட்டியில் போட்டு வைத்தேன்.

சலித்த மண்ணைத் தண்டவாளத்தின் இருமருங்கும் தூவி, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் பாத்திரம் கழுவும் சவுக்காரத்தைச் சொட்டாகச் சேர்த்து அதன்மேல் விட்டால், மறுநாள் கல்லாக இறுகிவிடும். சவுக்காரம் சேர்க்காவிட்டால் பசை முத்து முத்தாக உருண்டு நிற்கும், உள்ளே இறங்காது. இதை அறிய எனக்கு இரண்டு முறை தோல்வி வேண்டியிருந்தது. மூன்றாவது தோல்வி வெயிலால் வந்தது. தகரக் கூரையின் கீழ் நடுப்பகலில் பாதை நீண்டு பாம்புபோல் நெளிந்துவிட்டது. இணைப்புதோறும் அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் புதிதாகப் போட்டேன். பெரிய பாதையிலும் இவ்விதமே இடைவெளி விட்டிருப்பார்கள். பழைய வண்டிகளில் நாம் கேட்ட தடதடப்பு அந்த இடைவெளிகளின் ஓசைதானே!

மரங்கள் 140. பழைய மின்கம்பியின் செம்பு இழைகளை முறுக்கி அடிமரமும் கிளையும் செய்தேன். மிச்சமான கம்பி உறையைக் கத்தியால் மெல்லிய வளையமாக நறுக்கினால் மங்கு ஆயிற்று. பால் பிடிக்கும் மங்கு 111-ல் ஒரு பங்கானால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். வெட்டுக்கோட்டை ஊசிமுனையால் தீட்டினேன். எல்லாம் முடிந்து பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், நாற்பது வருடம் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர், என் மனைவியிடம் கறிவேப்பிலை கேட்க வந்தவர், அறையை எட்டிப் பார்த்தார். அலுவலக வாசலில் என்னை ஐயா என்று அழைப்பவர். வீட்டில் தம்பி என்பார்.

"தம்பி, இது எந்த ஊரு மரம்?" என்றார்.

"நம்ம ஊரு ரப்பர் மரம்தான் அம்மா" என்றேன்.

"கோடு அந்தப் பக்கமாவா சாயும்? இடது கைப் பக்கம் ஒசரம், வலது கைப் பக்கம் எறக்கம். இப்படி வெட்டினா பால் கொறைஞ்சு போகும். கங்காணி மங்கைத் தூக்கி அடிப்பாரு."

நூற்று நாற்பது மரத்திலும் கோட்டை நேர்மாறாகத் தீட்டியிருந்தேன்! மரப்பட்டைக்குள் பாற்குழாய்கள் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. இடமேல் வலக்கீழ் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும் என்பதைப் பிறகு புத்தகத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். என் தந்தை பால்மரம் வெட்டிச் சேர்த்த காசில் ரயில் சீட்டு வாங்கியவன் நான். பல வருடங்களாக எத்தனை கிலோ பால், எத்தனை ஒட்டுப்பால் என்று கணக்கெழுதி அக்கூலியில் உண்டவன். எங்கள் தோட்டம் செம்பனைக்கு மாறியது அண்மைக்காலத்தில்தான். அதற்குள் மறந்திருக்கவும் நியாயமில்லை. உண்மையைச் சொன்னால், மறக்கவில்லை, பார்க்கவே இல்லை. அம்மையார் கறிவேப்பிலையை மறந்துவிட்டு ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு மரமாக விரல் காட்டினார். நான் மாற்றித் தீட்டினேன். 

அடுத்தது இயந்திரம். சிறு நீராவி வண்டியொன்றின் அடிப்பாகம் வேண்டும். மேற்கூடு நானே பிளாஸ்டிக் தகட்டில் செய்துகொள்ளலாம். ஜப்பானில் செய்த பழைய மாதிரி ஒன்று விலைக்கு வந்தது. 300 வெள்ளி. அதன் வகைப் பெயர் ஸீ-56. சக்கரம் என் கணக்குக்கு ஒத்து வருமா என்று பார்க்க, அசல் வண்டியின் சக்கர அளவைத் தேடிப் படித்தேன். 1,400 மில்லிமீட்டர் என்றிருந்தது. மாதிரி 150-ல் ஒரு பங்கு. ஆக என் கணக்கில் சுமார் 1,040 மில்லிமீட்டர்ச் சக்கரமாகும். ஒரு சிறு மலாயா வண்டிக்கு வெகு பொருத்தம். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். கிராணிக்கு வரிசையின் கடைசி வரை படிக்கும் வழக்கம். 1935 முதல் 1939 வரை கட்டப்பட்ட இவ்வகை வண்டிகளில் 90 வண்டிகளை, சக்கர இடைவெளியை 1 மீட்டராகக் குறைத்து, சயாமுக்கும் பர்மாவுக்கும் அனுப்பினார்கள் என்று அடுத்த வரி சொல்லிற்று. அவற்றுள் 31-ஆம் எண் வண்டி, 1943-ல் மரண ரயில் பாதையின் திறப்பில் ஓடியது. 1979-ல் அதை ஜப்பானுக்குத் திருப்பிக் கொண்டுபோய், இன்று தோக்கியோவில் யசுக்குனி ஆலயத்தைச் சேர்ந்த காட்சிசாலையில் மெருகேற்றி நிறுத்தியிருக்கிறார்கள். படத்தைப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியின் மேல்விளிம்பு இருபுறமும் சரித்து வெட்டப்பட்டிருக்கும் அதே உருவம். என் மேசைமேல் இருந்ததும் அதுவே.

பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். இரண்டு வாரம் அறைப் பக்கம் போகவில்லை. என் மனைவி காரணம் கேட்டாள். சொன்னேன்.

"வேற வாங்க இன்னொரு முந்நூறு வெள்ளி இருக்கா?" என்றாள்.

இல்லை. ஆயினும் பணம் மட்டுமே காரணமாக நான் அதைத் திரும்ப எடுக்கவில்லை. இரும்புக்குத் தோஷம் ஒட்டிக்கொள்ளும் என்று அதை வீசியெறிந்தால், தோஷம் கழிக்க வாசற்படியை இடித்து மாற்றுகிற மனிதரை நான் கேலி செய்வது எங்ஙனம்? சக்கரத்தின்மேல் குற்றமில்லை. அது எங்கிருந்து வந்தது என்பதை மேற்கூட்டால் மூடி மறைத்தால் அதுவே குற்றம் என்று தோன்றிற்று. ஆதலின் வண்டியைச் செய்து முடித்து, ஓர் அட்டையில் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் நாலைந்து வரி எழுதினேன்: இப்பாதை எது, எப்போது கழற்றப்பட்டது, தண்டவாளமும் தோட்டத் தமிழரும் எங்கே சென்றனர், இவ்வண்டியின் சக்கரங்கள் எவ்வகையைச் சேர்ந்தவை என்பன.

சென்ற ஆண்டு, சிரம்பானில் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில் மாதிரி ரயில் அபிமானிகள் இரண்டு நாள் காட்சி நடத்தினார்கள். எனக்கும் ஒரு மேசை கிடைத்தது. பலகையை இரண்டாகக் கழற்றி, வாடகை லாரியில் மெத்தைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுபோனேன். வழியில் ஏழு மரங்கள் சாய்ந்தன. மேசையில் எனக்கு முன்பே ஓர் அறிவிப்பு நின்றது. பழைய மலாயாவின் இனிய நாட்கள் என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தது. என் அட்டையை அதன் பக்கத்தில் வைத்தேன். பொறுப்பாளர்களில் ஒருவர் வந்து படித்தார். மரியாதையாகத்தான் பேசினார். குழந்தைகள் களிக்க வரும் இடம், சாவுக் கணக்கு இங்கே எதற்கு, தயவு செய்து எடுத்துவிடுங்கள் என்றார். கிராணி உத்தியோகம் ஒருவனுக்குக் கற்பிக்கும் முதற்பாடம் "சரி ஐயா" என்பது. சரி ஐயா என்று அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்தேன். அன்று முழுவதும் அது நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. கனத்த அட்டை, மடியாது.

கூட்டம் நன்றாகவே வந்தது. விவரம் தெரிந்த ஒரு சீன நண்பர், தண்டவாளத்தின் உயரம் அளவுக்கு மிஞ்சியது என்றார். உண்மைதான், கடைப்பாதை அப்படித்தான் வருகிறது. குழந்தைகள் மங்கை எண்ணினார்கள். நான் விசையைத் திருப்பித் திருப்பி வண்டியை ஓட்டினேன். என் பலகையின் பின்புறத்தில் வானமும் மலையும் தீட்டிய ஒரு படுதா உண்டு. வண்டி நிறுத்தத்தில் நின்று, புறப்பட்டு, வளைவில் திரும்பிப் படுதாவுக்குப் பின்னால் மறையும். அங்கே மூன்று பாதைகளில் வேறு வண்டிகள் காத்திருக்கும். காண்போருக்கு ஒரு நெடும்பாதையில் வண்டிகள் வந்து போவதுபோல் தோன்றும். மாதிரி ரயில் செய்வோர் யாவரும் கையாளும் தந்திரம் இது.

இரண்டாம் நாள் முற்பகலில் ஒரு முதியவரை அவர் பேத்தி சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். எண்பத்தைந்துக்கு மேலிருக்கும். நெடுநேரம் பார்த்தார்.

"இது எந்த லைன், தம்பி?"

"மலாக்கா லைன், தாத்தா. தம்பினிலிருந்து போச்சே, அது."

அவர் ஒன்றும் பேசவில்லை. வண்டி மூன்று முறை வந்து போயிற்று.

"அந்தத் துணிக்குப் பின்னால எங்கே போகுது?"

நான் உற்சாகமாக, மூன்று பாதைகளைப் பற்றியும் பாயிண்டு மாற்றும் விசையைப் பற்றியும் விளக்கத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார்.

"எங்கப்பாவைத் தம்பின்லதான் ஏத்தினாங்க. அம்மா இடுப்புல என்னை வெச்சிருந்தாங்களாம். வண்டி வளைவுல மறைஞ்ச வரைக்கும் நின்னாங்களாம். கொஞ்ச நேரம் அங்கேயே நிறுத்தி வைக்க முடியுமா?"

அடுத்த முறை வண்டி நிறுத்தத்துக்கு வந்ததும் மின்விசையை அணைத்தேன். வண்டி நின்றது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நின்ற சிறுவர்கள் ஏன் ஓடவில்லை என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்கள். சிறிது நேரத்தில் பொறுப்பாளரும் வந்தார், பழுதா என்றார். பழுதில்லை, நிறுத்தியிருக்கிறேன் என்றேன். சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து அறிவிப்பின் முன்னால் வைத்தேன். அவர் முதியவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். முதல் நாளே வைத்திருக்கலாம். அன்று வேறு எத்தனை முதியவர்கள் ஒன்றும் கேளாமல் கடந்து போனார்களோ, நான் அறியேன்.

பேத்தி அட்டையை வாய்விட்டுப் படித்தாள். தமிழ் அவளுக்குச் சற்றே தடுக்கிற்று. "தண்டவாளமும் தோட்டத் தமிழரும் சயாமுக்குச் சென்றனர்" என்ற இடத்துக்கு வந்ததும் முதியவர் நிறுத்தச் சொன்னார்.

"சென்றனர்னு யார் எழுதினது?"

"நான்தான், தாத்தா."

"எங்கப்பா போகலை. கொண்டு போனாங்க. மாத்து."

பாட்டி சொன்னதை அப்படியே நல்ல தமிழாக்கி எழுதியிருந்தேன். பாட்டி வேறென்ன சொல்லியிருக்க முடியும்? என் பேனாவைத் திறந்து, அவர் கண்ணெதிரே அச்சொல்லை அடித்து, மேலே "கொண்டுபோகப்பட்டனர்" என்று எழுதினேன். மலாயிலும் ஆங்கிலத்திலும் அவ்விதமே திருத்தினேன். அவர் எழுத்தைக் கிட்ட வைத்துப் பார்த்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை, பேத்தியை மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு, "சரி, இனி ஓட்டு. பிள்ளைங்க நிக்குது" என்றார்.

அட்டையை அழகாக அச்சிட்டுத் தருவதாக நண்பர் ஒருவர் சொல்கிறார். நான் இன்னும் கொடுக்கவில்லை. வருகிற பள்ளி விடுமுறைக்கு முன் எங்கள் வட்டாரத் தமிழ்ப் பள்ளியில் பலகையை வைக்கத் தலைமையாசிரியர் இணங்கியிருக்கிறார். அங்கே படுதாவை எடுத்துவிடலாமென்று இருக்கிறேன். பின்னால் என்ன இருக்கிறதென்று பிள்ளைகள் கேட்காமல் விடமாட்டார்கள். லாரியில் சாய்ந்த ஏழு மரங்களையும் நட்டாயிற்று. கோடு சரியாக இருக்கிறதா என்று அந்த அம்மையாரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். கட்டில் இன்னும் தாழ்வாரத்தில்தான் கிடக்கிறது.